ரஸ்ட்-ஓலியம் ஹை ஹீட் ஸ்ப்ரே: குன்னூர் கணப்பில் ஒரு குளிர்காலம் கழித்து

எங்கள் வீட்டு ஃபயர்பிளேஸ் ஆறு வருடத்தில் மூன்று முறை பெயின்ட் கண்டது, மூன்று முறையும் பாம்பு சட்டை உரிப்பதுபோல் உரித்துப் போட்டது. நான்காவது முறை ஆளை நம்பாமல் நானே இறங்கினேன். அடித்த இந்தச் சூடு தாங்கும் ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவுக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் மதிப்பெண்ணை மட்டும் போட்டுவிட்டுப் போனால் நாளைக்கு நீங்கள் ரெண்டு டப்பா வாங்கிச் சுவரெல்லாம் அடித்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள், அதனால் கதையையும் சேர்த்துக் கேளுங்கள்.

வீடு குன்னூரில். பழைய பங்களா ஒன்றை இரண்டாகப் பிரித்து விற்றபோது மாமனார் 1987இல் ஒரு பாதியை வாங்கினார், அந்தப் பாதியில்தான் ஹாலும் இந்தக் கணப்பும் வந்து சேர்ந்தன. (அத்தை இதைக் கணப்பு என்றுதான் சொல்வார், நானும் அப்படியே எழுதுகிறேன்.) ஊர் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, டிசம்பர் ஜனவரியில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தரை ஓடு காலைக் கடிக்கும். ஹீட்டர் இருக்கிறது, ஆனால் மழையோடு கரன்ட் போகிற ஊரில் ஹீட்டரை நம்பி உட்கார முடியுமா? எங்களுக்குக் கணப்பு அழகுக்கு இல்லை, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கிட்டத்தட்ட தினமும் எரியும்.

அதன் உடம்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நெருப்பைச் சுற்றி வளைவாக ஒரு வார்ப்பிரும்பு முகப்பு, அதன் உச்சியில் புகையை உள்ளே தள்ளிவிட முன்னால் நீண்ட ஒரு இரும்பு முகடு. அதற்கு மேல் ஒரு மரப்பலகை, அத்தையின் மருந்து டப்பாவும் மாமாவின் போட்டோவும் அங்கேதான். பலகைக்கு மேலே கூரை வரைக்கும் புகைபோக்கியை மூடிய சுவர், சுண்ணாம்புச் சாந்தில் பூசியது. உள்ளே நெருப்பு எரிகிற குழி வெறும் செங்கல். ஆக இரும்பு, பூச்சுச் சுவர், செங்கல் என்று மூன்று. இந்த மூன்றையும் ஒரே பொருளாக நினைத்ததுதான் மூன்று முறையும் நடந்த தப்பு.

கடைசியாகப் பெயின்ட் அடித்தது கோவையிலிருந்து வந்த ஒரு கான்ட்ராக்டர். பெயர் வேண்டாம். நல்ல மனிதர்தான், வீட்டின் மற்ற சுவர்களெல்லாம் இன்றைக்கும் ஜம்மென்று இருக்கின்றன. இரும்பு முகப்புக்கு ரெட் ஆக்சைடு ஒரு கோட், அதன் மேல் பளபளவென்று கருப்பு எனாமல். உள்ளே செங்கல்லுக்கும் அதே எனாமல். மேலே சுவருக்குப் பட்டி வைத்து வெள்ளை எமல்ஷன். பார்க்கக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. முதல் நாள் நெருப்பு போட்டதும் எனாமல் அப்பளம் மாதிரி பொரிந்தது. வீடு முழுக்க நாற்றம், அத்தைக்கு இரண்டு நாள் தலைவலி. போனில் கேட்டால், "நெருப்புக்கு முன்னாடி எந்தப் பெயின்டும் நிக்காதுங்க்கா, வருசா வருசம் அடிச்சுக்க வேண்டியதுதான்" என்றார்.

நிற்காது என்பது பாதி உண்மை. ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற எனாமல் நூறு டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடு பட்டால் மஞ்சளித்து, மொறுமொறுத்து, விட்டுப்போகும். அதற்குக் கீழே இருக்கிற ரெட் ஆக்சைடும் அதே ஜாதிதான், அடிக்கோட்டே கழன்றால் மேலே எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் இருந்து என்ன பயன். சூட்டுக்கென்று இருக்கிற பெயின்ட்டுகள் சிலிக்கோன் பிசினில் செய்தவை. அதில் சிலிக்கானும் ஆக்சிஜனும் கைகோத்திருக்கிற பிணைப்பு லேசில் அறுவதில்லை, அதனால் கரிமப் பிசின் கருகிப் போகிற சூட்டிலும் அது இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டதும் உடனே டப்பாவை ஆர்டர் செய்யப் போனேன். நல்லவேளை, அதற்குள் ஒரு விஷயம் உறுத்தியது. இரும்பில் உரிந்தது சரி, பலகைக்கு மேலே சுவர் ஏன் உரிகிறது? அங்கே கை வைத்தால் இளஞ்சூடுதான். அதுவும் அங்கே உரிவது வேறு மாதிரி: பொரியாமல், உப்பலாக எழும்பி, விரலால் தொட்டால் பின்னால் வெள்ளை மாவு கொட்டியது. நடுவில் டீக் கறை மாதிரி பழுப்புத் திட்டுகள். இன்னொன்று, கணப்பு எரியாத ஜூலை மாதத்தில்தான் அது அதிகமாக உரிந்தது. சூடுதான் காரணம் என்றால் ஜூலையில் எதற்கு உரிய வேண்டும்?

ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் சுவரிலேயே விட்டேன். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாக வேர்த்திருந்தது. அறையின் ஈரமென்றால் வெளிப்பக்கம் வேர்த்திருக்கும். தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

அப்புறம்தான் கொத்தனாரைக் கூப்பிட்டேன். அறுபது வயதுக்காரர், பழைய பங்களா வேலைகள் நிறையப் பார்த்தவர். சுவரைப் பார்க்கவே இல்லை, நேராக ஏணியைச் சாய்த்துக் கூரைக்குப் போனார். பத்து நிமிடம் கழித்து மேலேயிருந்து குரல்: "அம்மிணி, பொகபோக்கிக்குத் தொப்பியே இல்லீங்களே! மழ நேரா உள்ள எறங்குது."

இருந்திருக்கிறது. எப்போதோ காற்றில் பறந்திருக்கிறது. இங்கே தென்மேற்குப் பருவமழையும் கொஞ்சம் உண்டு, வடகிழக்கு மொத்தமாகவே உண்டு, அத்தனை வருடமும் புகைபோக்கி வாய் பிளந்து குடித்திருக்கிறது. போதாததற்குக் கூரையும் புகைபோக்கியும் சேருகிற இடத்தில் பதித்திருந்த தகரப் பட்டை துருப்பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் உள்ளே படிந்த கரியையும் உப்பையும் கரைத்துக்கொண்டு செங்கல் வழியாகப் பூச்சுக்கு வந்திருக்கிறது. விறகுப் புகையில் வருகிற உப்புகள் காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும் ஆசாமிகள், அதனால்தான் மழை இல்லாத பனிமூட்ட நாளிலும் சுவர் நசநசவென்று இருந்தது. சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும், ஈரத்தை மெல்ல வெளியே அனுப்பிவிடும். அதன் மேல் பட்டியும் எமல்ஷனும் பூசி மூக்கைப் பொத்தினால், அது எமல்ஷனைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. பெயின்ட் என்ன செய்யும், பாவம்.

சுவர் வேலையைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதற்கும் ஸ்ப்ரே டப்பாவுக்கும் சம்பந்தமில்லை. புகைபோக்கிக்குப் புதுத் தொப்பி, புகை போகப் பக்கவாட்டில் கம்பிவலை வைத்தது. தகரப் பட்டை மாற்றினார். உப்புப் பூத்த பூச்சை முழங்கை அகலத்துக்குச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்து, மூன்று மாதம் அப்படியே காயப் போட்டார். மூன்று மாதம்! வந்தவர் போனவரெல்லாம் வீட்டில் வேலை நின்றுவிட்டதா என்று கேட்டார்கள். அப்புறம் சுண்ணாம்புச் சாந்து, அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளை. சிமென்ட் வேண்டவே வேண்டாம் என்று அவர் பிடித்த பிடிவாதத்தை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன். உள்ளே செங்கல் குழியில் எனாமலைச் சுரண்டி எடுத்துவிட்டு, விட்டுப்போன இணைப்புகளில் ஃபயர் கிளே (சூடு தாங்கும் களிமண்) கலவையைத் திணித்தார், பெயின்ட் எதுவும் இல்லை. நெருப்பு நேராக நக்குகிற செங்கல்லுக்குக் கரியே போதும், எப்படியும் ஒரு வாரத்தில் கறுத்துவிடப் போகிறது.

இனி இரும்பு.

முதலில் பழைய பெயின்ட்டை எடுக்க வேண்டும், இங்கே அவசரப்படாதீர்கள். எங்கள் முகப்பில் எனாமலுக்குக் கீழே பச்சை, அதற்குக் கீழே ஒரு பழுப்பு, எந்தக் காலத்தியதோ. இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016இல் வந்து 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கோட்டில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வது நல்லது. உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் வீடெல்லாம் பறக்கும், குழந்தை இருக்கிற வீடென்றால் நினைத்தும் பார்க்க வேண்டாம். தண்ணீர் தெளித்துத் தெளித்து ஈரமாகவே சுரண்டினேன், கீழே பிளாஸ்டிக் விரித்து, என்-95 மாஸ்க் போட்டு, வந்த சக்கையை மூட்டை கட்டி. நான்கு ஞாயிற்றுக்கிழமை போனது. மகன் இரண்டாவது வாரமே காணாமல் போய்விட்டான்.

பெயின்ட் போன பிறகு கம்பி பிரஷ், அதன் பிறகு எமரித் தாள், கடைசியாகத் தின்னர் துணி. தின்னர் துடைப்பை விடாதீர்கள். நம் விரல் எண்ணெய் பட்ட இடத்திலேகூடப் பெயின்ட் பிடிக்காது, முதல் சூட்டிலேயே காட்டிக்கொடுக்கும். ஈரமாகச் சுரண்டிய வார்ப்பிரும்பு ஒரே இரவில் மறுபடி செம்பட்டையாகத் துருவேறும், குன்னூர் காற்றில் கேட்கவே வேண்டாம். அதனால் எமரி, தின்னர், பெயின்ட் மூன்றும் ஒரே நாளில் முடிகிற மாதிரி நாள் பார்த்தேன். பிப்ரவரி கடைசி, நல்ல வெயில், காய்ந்த காற்று. காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கிற நாளில் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, நவம்பரில் இங்கே அது பல நாள் நூறைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

டப்பா: ரஸ்ட்-ஓலியம் ஹை ஹீட், மேட் கருப்பு, 340 கிராம். அமெரிக்கச் சரக்கு. இந்தக் கம்பெனியின் தொடக்கம் வேடிக்கையானது, மீன் எண்ணெய் சிந்திய கப்பல் தளத்தில் துரு பரவாததைக் கவனித்த ஒரு ஸ்காட்லாந்துக் கப்பல் கேப்டன் 1921இல் ஆரம்பித்தது. குன்னூர், ஊட்டிக் கடைகளில் நான் கேட்டபோது கிடைக்கவில்லை, ஆன்லைனில்தான் வாங்கினேன், கூரியருடன் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் ஆனது. எங்கள் முகப்புக்கு ஒரு டப்பா போதும், கொஞ்சம் மிச்சமும் இருந்தது. ஹார்டுவேர் கடைகளில் "ஹீட் புரூஃப்" என்று எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் வெள்ளி நிற அலுமினியப் பெயின்ட். அதிலும் நல்லது உண்டு, சிலிக்கோன் அலுமினியம் என்று போட்டது 600 டிகிரி வரை தாங்கும், ஆனால் சாதாரண ரகம் அதில் பாதியைக்கூடத் தொடாது, அதனால் எத்தனை டிகிரி என்று டப்பாவில் எண்ணாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் வைத்துவிட்டு வாருங்கள். எனக்கு வேறொரு காரணமும் இருந்தது, எங்கள் ஹாலில் வெள்ளி நிறத்தில் கணப்பு வந்தால் பாய்லர் ரூம் மாதிரி இருக்கும்.

ரஸ்ட்-ஓலியம் டப்பாவில் எழுதியிருப்பது 1,200 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 649 டிகிரி, அதுவும் விட்டு விட்டு வரும் சூட்டுக்கு. பெரிய எண்ணாகத் தோன்றும். இரும்பு இருட்டில் மங்கலாகச் சிவக்கத் தொடங்குவதே சுமார் 525 டிகிரியில்தான், ஆக உங்கள் முகப்பு பெயின்ட்டின் எல்லையைத் தொடுகிற நாளில் நீங்கள் பெயின்ட்டைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

அடிப்பது சுலபம், பொறுமை இருந்தால். ஓர் அடிக்குக் குறையாமல் தள்ளி நின்று, கையை நிறுத்தாமல் ஓட்டி, மெல்லிசாக மூன்று கோட். முதல் கோட்டில் இரும்பு திட்டுத் திட்டாகத் தெரியும், பரவாயில்லை, விட்டுவிடுங்கள். "இன்னும் கொஞ்சம்" என்று கை நீண்ட ஓர் இடத்தில் எனக்குப் பெயின்ட் வழிந்தது, அந்த வழிசல் இன்றைக்கும் இடது மூலையில் இருக்கிறது, வருகிற விருந்தாளிக்குத் தெரியாது, எனக்கு மட்டும் தினமும் தெரியும். கீழே பிரைமர் இல்லை, வெறும் இரும்பின் மேல் நேராக. நாற்றம் நல்ல நெடி. ஜன்னல் எல்லாம் திறந்து, அத்தையை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் தொடங்கினேன். பக்கத்தில் விளக்கோ ஊதுபத்தியோகூடக் கூடாது, டப்பாவில் அழுத்தி வைத்திருக்கிற வாயு தீப்பற்றும்.

காய்ந்துவிட்டது என்று நினைத்து அன்றைக்கே பெரிய நெருப்பு போட்டால் எல்லாம் வீண். இந்த வகைப் பெயின்ட் காற்றில் காய்வது தொட்டால் ஒட்டாமல் இருக்கிற அளவுக்குத்தான். இறுகுவது சூட்டில், இருநூறு டிகிரிக்கு மேல் போன பிறகு. வடை சுடுவதற்கு முந்தைய மாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் விட்டு, முதல் நாள் சுள்ளி மட்டும் வைத்து அரை மணி நேரம். ஆறவிட்டேன். அடுத்த நாள் இரண்டு விறகு, ஒரு மணி நேரம். மூன்றாம் நாள் முழு நெருப்பு. ஒவ்வொரு முறையும் முகப்பிலிருந்து மெல்லிய புகை வந்தது, கண் எரிந்தது, ஜன்னலைத் திறந்து வைத்துச் சால்வையோடு உட்கார்ந்திருந்தேன். இறுகுவதற்கு முன்னால் சூட்டில் பெயின்ட் ஒரு தடவை இளகும், அந்த நேரத்தில் விரல் வைத்துப் பார்க்கிற ஆசையை அடக்குங்கள். நான் அடக்கவில்லை. வலது தூணில் என் கட்டைவிரல் ரேகை நிரந்தரமாக இருக்கிறது.

மூன்றாம் நாளுக்குப் பிறகு நாற்றம் சுத்தமாக நின்றது. அதன் பின் ஒரு முழுக் குளிர்காலம் ஓடிவிட்டது. கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி தெர்மாமீட்டர் துப்பாக்கியை முகப்புக்கு நேரே நீட்டினேன், 'ஹை' என்று காட்டிவிட்டுப் படுத்துவிட்டது. அதனால் தொழிற்சாலையில் வைத்திருக்கிற ரகம் ஒன்றைக் கடன் வாங்கி அளந்தேன். நன்றாக எரிகிற நேரத்தில் முகப்பின் தூண்கள் 160, உச்சியில் 210, முகட்டின் கீழ் உதட்டில் 340. பலகைக்கு ஓர் அடி மேலே சுவர் வெறும் 48. அந்த 48ஐப் பார்த்தபோதுதான், சூடு சுவர்ப் பெயின்ட்டை உரிக்கிறது என்று ஆறு வருடம் நம்பிக்கொண்டிருந்ததை நினைத்துச் சிரிப்பு வந்தது.

இப்போது நிலவரம்: தூண்களும் வளைவும் அடித்த அன்று போலவே. ஒரு பொருக்குகூட எழும்பவில்லை. முகட்டின் கீழ் உதட்டின் உள்பக்கம் மட்டும் நரைத்துச் சாம்பல் பூத்திருக்கிறது. அங்கே சுடர் நேரடியாக நக்குகிறது, இந்தப் பெயின்ட் சுடர் படுகிற இடத்துக்கு இல்லை, தெரிந்துதான் அடித்தேன், டப்பா மேல் குறை சொல்ல மாட்டேன். குனிந்து பார்த்தால்தான் தெரியும். குறை என்று சொன்னால் ஒன்றுதான், மேட் கருப்பில் தூசியும் சாம்பலும் அப்படியே எடுத்துக் காட்டும், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், ஆனால் வாரம் இரண்டு முறை துடைக்க வேண்டியிருக்கிறது. அரை மதிப்பெண் குறைத்தது அதற்காக.

கொத்தனார் மார்ச்சில் பார்க்க வந்தபோது முகப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்துல இதுக்குப் பெயின்டே கெடையாது அம்மிணி, துரை வீட்ல கருப்பு மெழுகு தேச்சுத் தேச்சு மினுக்கி வெப்பாங்க" என்றார். கிராஃபைட் மெழுகைச் சொல்கிறார். அது உரியவே உரியாது, உரிவதற்குப் படலம் இருந்தால்தானே. ஆனால் கை கறுக்கும், சீசனுக்குப் பலமுறை தேய்க்க வேண்டும், தேய்க்க துரை வீட்டு ஆள் பலம் வேண்டும்.

விறகைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களுக்கு வருவது சீகை (வாட்டில் மரம்), சில சமயம் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். சீகை நன்றாக நின்று எரியும், ஆனால் பச்சையாகப் போட்டால் புகை குளிர்ந்து புகைபோக்கிக்குள் தாராகப் படியும், சுவரில் நான் பார்த்த டீக் கறை அதுதான். அந்தத் தார் ஒரு நாள் உள்ளேயே தீப்பிடிக்கவும் செய்யும். தொப்பி போடப் போன அன்று கொத்தனார் உள்ளே சங்கிலியை விட்டுத் தட்டியதில் அரை மூட்டை கரி விழுந்தது. இப்போது விறகை ஒரு வருடம் கொட்டகையில் அடுக்கிக் காயவைத்த பிறகுதான் எடுக்கிறோம்.

யார் வாங்கலாம்? இரும்பு முகப்பு, இரும்பு விறகு அடுப்பின் வெளிப்பக்கம், பார்பிக்யூ வெளிமூடி இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். உரிவது சுவர்ப் பூச்சு என்றால் வாங்காதீர்கள், அந்தக் காசில் ஏணி வைத்து ஓர் ஆளைக் கூரைக்கு அனுப்புங்கள். இரும்பை வெறும் இரும்பாகும் வரை சுரண்டப் பொறுமை இல்லாதவர்களும் வாங்க வேண்டாம், பழைய எனாமல் மேல் அடித்தால் அந்த எனாமல் பொரியும்போது இதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வரும்.

மிச்சமிருக்கிற டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வரும் வரை இரண்டு விநாடி அழுத்தி, மூக்கைச் சுத்தம் செய்து, வெயில் படாத அலமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த பிப்ரவரியில் முகட்டின் உதட்டுக்கு மட்டும் ஒரு கை அடிக்கலாமா, அல்லது அந்த இடத்துக்கு மட்டும் கொத்தனாரின் கருப்பு மெழுகைத் தேய்த்துப் பார்க்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. அத்தை மெழுகுக் கட்சி.